அடியில் விடவேண்டிய இரண்டு லீற்றர்

லா சப்பல், பாரிஸ்
19.03.2017

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் ரத்தினவேல் அவர்களுக்கு,

பானையின் அடியில் இரண்டு லீற்றரை விட்டுவிடுவது என்று நேற்று மாலை தீர்மானித்திருக்கிறேன். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. குடும்பத்தில் இதற்கு முன்மாதிரி எதுவும் இல்லாததால், பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் முதலில் உங்களுக்கே அறிவிக்கிறேன். உங்கள் தங்கை நாகேஸ்வரிக்கு இன்னும் சொல்லவில்லை.

இங்கு அனைவரும் நலம். நாகேஸ்வரியின் முழங்கால் மட்டும் நலமில்லை. உங்களதும் மச்சாளினதும் நலத்துக்கு, முழங்கால்கள் உட்பட, முருகனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் லண்டனில் உங்கள் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருப்பதாலும், மச்சாளின் காதில் விழுந்தது பொழுதுபடுவதற்குள் தொரன்றோ போய்ச் சேர்ந்துவிடுவதாலும் கடிதமே பாதுகாப்பு. வாசித்ததும் கிழித்துவிடவும்.

மகள் மிருணாளினிக்குப் பார்த்த, சரியாகச் சொன்னால் அவளே பார்த்துக்கொண்ட, மாப்பிள்ளையின் தகப்பன் பெர்னாரை நிச்சயதார்த்தப் படத்தில் கண்டிருப்பீர்கள். வேட்டிக்கு மேலே பெல்ற் கட்டியிருப்பவர். மெற்றோ ஓட்டிப் பென்சன் எடுத்து, லெ பிளாங்-மெனிலில் இருக்கிறார். நல்ல மனிதர். வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். வைகாசியில் நடக்கும் கல்யாண விருந்துக்குத் தன் பியரைத் தருவதாக அவர் சொன்ன அந்த நிமிடமே, பெண் வீட்டிலும் காய்ச்சுவோம் என்று நான் சொல்லிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள் மச்சான், மாப்பிள்ளை வீட்டார் மேசையில் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க, பெண்ணைப் பெற்றவன் கையை வீசிக்கொண்டு நிற்பதா? போத்தலில் சீட்டு ஒட்டுவது என்றும் பேசி முடித்தாயிற்று. ஒரு வகையில் பெர்னாரின் பெயர், மற்ற வகையில் என் பெயர். விருந்துக்கு இருநூறு பேர் வருகிறார்கள். அதில் பாதிப்பேர் எங்கள் ஊரார். போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள்.

காய்ச்சுவது கஷ்டமில்லை. முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, ஊப்லோன் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். அதுவரை அது கஷாயம், யாரும் செய்யலாம். அடுப்பை நிறுத்திய பிறகுதான் சோதனை. பூ ஒரு பக்கம் மிதக்கும், பார்லியில் இருந்து திரைந்தது முட்டை திரைந்தது போலக் கட்டிகட்டியாக இன்னொரு பக்கம் மிதக்கும். இவ்வளவையும் பானையிலேயே விட்டுவிட்டு, தெளிந்த சாற்றை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். பெர்னாரின் சாற்றுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் வாசிக்கலாம். எங்களுக்கு ஒரு பக்கம் முழுவதையும் வாசித்துக் காட்டினார்.

நான் வேலை செய்த ரெஸ்ரோரனை மூடியபோது முதலாளி தந்த பெரிய மர்மித் பானை இருக்கிறதல்லவா, அதன் பக்கவாட்டில், அடியோடு ஒட்டி, ஒரு குழாய் பொருத்தினேன். முதல் தடவை பூ வந்து குழாயை அடைத்துக்கொண்டது. வாயை வைத்து ஊதினேன். கொதித்த பானையின் குழாயை ஊதக் கூடாது. இரண்டாம் தடவை தேத்தண்ணி வடியால் வடித்தேன். கட்டி நின்றது, கலங்கல் சாற்றோடு போனது. மூன்றாம் தடவை, பெர்னாரே சொன்னபடி, பூவைத் துணியில் முடிந்து போட்டேன். வீட்டில் இருந்த மிகச் சுத்தமான துணி, கல்யாணத்தன்று நான் கட்டுவதற்கு ரூ பெர்தொனே கடையில் வாங்கிய வேட்டி. முழு வேட்டியல்ல, ஒரு முழம்தான். இதை உங்கள் தங்கை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறா என்று விளங்கவில்லை.

முடிச்சை வெளியே தூக்கினால் அது சொட்டிக்கொண்டே இருக்குது மச்சான். சொட்டுற துணியை எங்கடை ஆக்கள் ஆர் சும்மா பாத்துக்கொண்டு நிப்பினம்? பிழிஞ்சன். தேங்காய்ப்பால் பிழியிற மாதிரித்தான். முதற்பால் எடுத்து, கொஞ்சம் சுடுதண்ணி விட்டு இரண்டாம்பாலும் எடுத்திட்டன். அந்த நேரம் உங்கடை தங்கச்சி வந்து, "என்னப்பா பிழியிறியள், இன்னும் எவ்வளவு கிடக்கு, இஞ்சை தாங்கோ" எண்டு பறிச்சு மூண்டாம்பாலும் எடுத்தா. சாறு சொதி மாதிரி வந்துது. தேசிக்காய்ப்புளி விட்டால் இடியப்பத்தோடை சாப்பிட்டிருக்கலாம்.

நேற்று பெர்னார் தானே வந்து நின்று காட்டித் தந்தார். துணியும் இல்லை, வடியும் இல்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, அகப்பையால் ஒரே பக்கமாக வேகமாகச் சுழற்றி, மூடிவைத்துவிட்டு எல்லோரும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் சிரமம். நாகேஸ்வரி இரண்டு தரம் மூடியைத் திறக்கப் போனா, பெர்னார் இரண்டு தரமும் கை நீட்டித் தடுத்தார். பிறகு திறந்தால், கலங்கல் முழுக்க நடுவிலை குவிஞ்சு போய்க் கிடக்குது, குழல் புட்டைக் கவிட்ட மாதிரி. ஓரத்துக் குழாயைத் திறக்கச் சாறு பொன் போல வந்துது. கிளாசுக்குப் பின்னாலை பேப்பரைப் பிடிச்சன். ரயில் வேலைநிறுத்தம் எண்டு இருந்துது. நான் இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்திலை ஒரு வேலைநிறுத்தத்தை அப்பிடிச் சந்தோசமா வாசிச்சதில்லை.

சாறு இறங்க இறங்கப் புட்டின் தலை வெளியே தெரிந்தது. பெர்னார் குழாயை மூடச் சொன்னார். மகள்தான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பு.

"பப்பா, போதுமாம். மூடட்டாம்."

"இன்னும் இரண்டு லீற்றர் கிடக்கே?"

"அது கலங்கல். அதை எடுக்கிறேல்லையாம். கொட்டுறதாம்."

"கொட்டுறதோ?" இது உங்கள் தங்கை. "எங்கை கொட்டுறது?"

"சிங்கிலை, மம்மா. அவர் முப்பது வருசமா அப்பிடித்தான் கொட்டுறார்."

"அதுதான் அந்தாள் இன்னும் வாடகை வீட்டிலை இருக்குது."

பெர்னார், மதாம் என்ன சொல்லுறா எண்டு கேட்டார். மதாம் உங்கடை பொறுமையை மெச்சுறா எண்டு மிருணாளினி சொன்னாள்.

அந்த நேரம் என் வலக்கை குழாயில் இருந்தது, மூடத்தான் போனது. இடக்கை எப்போது பானையின் கைபிடிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம்தான் சரித்தேன். மகள், "பப்பா, அரேத்! நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவதற்குள் புட்டு முழுவதும் சரிந்து குழாய்க்குள் போய்விட்டது. பிறகு கிளாசுக்குப் பின்னால் வேலைநிறுத்தமும் இல்லை, ரயிலும் இல்லை.

பெர்னார் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்து, "இரண்டு வகையையும் நானே காய்ச்சிவிடட்டுமா, குணா?" என்று கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்பது போல. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை தவறினால் கல்யாணத்துக்குள் பியர் தயாராகாது. ஆகவே அந்த ஒரு பானைதான் மிச்சம். அதுவும் கலங்கினால் இரண்டையும் அவர் காய்ச்சுவார். இப்படி ஒப்புக்கொண்டு கை கொடுத்திருக்கிறேன்.

இதனால்தான் மேற்படி தீர்மானம். தீர்மானித்தவன் நான் என்றாலும், நிறைவேற்ற வேண்டியது என் இடக்கை. அதன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தாய்மாமனுக்குக் கல்யாணத்தில் எத்தனையோ கடமைகள் உண்டு. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து, சனிக்கிழமை என் அருகில் நின்று குழாயை மூடித்தரவும். "இன்னும் கொஞ்சம்" என்று நான் கெஞ்சினால் கேட்கக் கூடாது. கையில் அடிக்கலாம், நான் குறை நினைக்க மாட்டேன். அந்த நேரம் நாகேஸ்வரியைக் கோயிலுக்கு அனுப்பிவிடுகிறேன். மச்சாளைக் கூட்டிவர வேண்டாம். அவவும் எங்கே கொட்டுவது என்று கேட்பா.

மச்சாளுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் அந்த முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
செ. குணரத்தினம்

பி.கு. (26.03.2017): முத்திரை வாங்க மறந்ததால் இக்கடிதம் ஒரு கிழமையாக என் கோட்டுப் பைக்குள் இருந்துவிட்டது. எனவே நீங்கள் வராததில் எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. நாகேஸ்வரி முழங்காலைச் சொல்லிக் கோயிலுக்குப் போகவில்லை. நேற்று நானே காய்ச்சி, சுழற்றி, பேசாமல் இருந்து, இரண்டு லீற்றர் கிடக்கத்தக்கதாக என் கையாலேயே குழாயை மூடினேன். சாறு கண்ணாடி போல இருந்தது. பெர்னார் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். பிறகு சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ற்றைக் காரில் விட்டுவந்ததால், அதை எடுக்கக் கீழே போனார். நாகேஸ்வரி என்னைப் பார்த்தா. பானைக்கு இரண்டு கைபிடி, ஆளுக்கு ஒன்று.

போத்தல் சீட்டுகள் அச்சுக்குப் போய்விட்டன. இரண்டு வகையிலும் பெர்னாரின் பெயர் இருக்கிறது.