மூன்றாம் மாடிக்குப் போன வகுப்பு

என் கூடப்பிறந்த தம்பிக்கு, உனக்கு மூத்தவள் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகமா என்று நீ கேட்கமாட்டாய், ஆகையால் நானே சொல்கிறேன். சுகமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னைப் படிக்க வைக்க என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் அதை மறந்துவிட்டேன் என்று நீ நினைத்தால் அதுவும் உன் படிப்பின் குறைதான்.

விஷயம் என் பெரிய மகனைப் பற்றியது. லேத் பட்டறையில் இருக்கிறானே, அவன்தான். சாப்பிடும்போது பாதியில் மூச்சு வாங்க நிறுத்துகிறான். அவன் மகள் சாப்பிட்டு, கை கழுவி, தலை பின்னிக்கொண்டு வந்த பிறகும் அவன் தட்டில் பாதி இருக்கிறது. சிகரெட்டை விட்டால் தப்பிப்பான், விடாவிட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நம் வார்டு சமூகக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாக நடத்துகிற சிகரெட்டை விடும் வகுப்பில் சேர்த்தேன். நடத்துவது ஒரு நர்ஸம்மா. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டி வர வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். மற்றவர்கள் மனைவியோடு வந்தார்கள். இவன் என்னைக் கூட்டிப் போனான். கேட்டதற்கு, "அவ வந்தா அவ அழுவா. நீ வந்தா நான் அழுவேன். எனக்கு அதுதான் சரிப்படும்"னு சொன்னான். மூன்று வாரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தட்டு காலியாக ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்தான். மக்கள் நல அறக்கட்டளையாம். எந்த மக்கள், யாருடைய நலம் என்று துருவிக் கேட்டேன். சிகரெட் கம்பெனி வைத்திருக்கிற அறக்கட்டளை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருக்கிறேன், ஓநாயே குடை கொண்டுவந்து கொடுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். கூடத்துக்குப் புதுப் பெயின்ட், புது ஃபேன், வாசலில் பூந்தொட்டி. இனிக்க இனிக்கப் பேசினான்.

"அம்மா, உங்க வகுப்புக்கு மூணாவது மாடியில நல்ல ரூம் ஒதுக்கியிருக்கோம். காத்தோட்டமா இருக்கும்."

"மூச்சு வாங்குறவங்களுக்கு வகுப்பு. அவங்களை மூணு மாடி ஏத்துறீங்களே, லிஃப்ட் ஓடுதா?"

"ரிப்பேர்ல இருக்கும்மா. சீக்கிரம் சரியாயிடும்."

"அது சரி, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. எனக்கு உடம்புக்கு ஆகாது."

பார்த்தாயா? சமைக்கிறவன் தன் வாயில் வைக்காத சாப்பாட்டை ஊருக்குப் பரிமாறுகிறான். கீழே நாங்கள் இருந்த அறையில் கேரம் போர்டு போட்டுவிட்டான். ஆடுவதற்கு ஆளே இல்லை, போர்டு மட்டும் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இனிமேல்தான் சூட்சுமம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அறக்கட்டளை ஒரு பெஞ்சு போட்டது. தலைக்கு மேல் ஃபேன். பக்கத்தில் பளபளவென்று ஒரு தொட்டி, அதில் மணல். பூச்செடி வைக்கவா மணல்? மேலே ஏறி வருகிறவர்கள் அந்தத் திருப்பத்துக்கு வரும்போது நாக்கு வெளியே தொங்கும், உட்காருவார்கள். ஒருத்தன் சும்மா இருப்பான், இரண்டாமவன் சும்மா இருப்பான், மூன்றாமவன் சட்டைப் பையைத் தடவுவான். அப்புறம் எல்லோரும் சேர்ந்து புகைவிடுவார்கள். என் மகனும்தான். விடுகிற வகுப்புக்குப் போகிற வழியிலேயே பிடிக்க வைத்துவிட்டான் அந்தக் கோட்டுக்காரப் பாவி. என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்ந்தேன். அங்கே நர்ஸம்மாவும் நானும் காலி நாற்காலிகளும். கோட்டுக்காரன் வாசலில் நின்று அந்த நாற்காலிகளைப் படம் பிடித்தான். "ஏம்ப்பா, ஒரு மாடி இறங்கி அந்தப் பெஞ்சைப் படம் பிடியேன்"னு கேட்டேன். காது கேட்காதவன் போலப் போய்விட்டான்.

அந்தப் படத்தைத்தான் உங்கள் நகரசபைக்குக் கொடுத்திருக்கிறானாம். யாரும் வருவதில்லை, மக்கள் வரிப்பணம் வீணாகிறது, வகுப்பை மூடி அந்தப் பணத்தை எங்களிடம் கொடுங்கள், பெரியவர்கள் தாங்களே யோசித்து அளவோடு பிடிக்க நாங்கள் பக்குவமாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று. வேலிக்கு ஓணான் சாட்சி, போதாததற்கு ஓணானுக்குச் சம்பளம். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. கவுன்சிலர் ஐயா ஆகிய நீயும் கை தூக்க வேண்டியவன்.

உன் மேலும் எனக்குச் சந்தேகம்தான், மறைத்துப் பழக்கமில்லை. போன வாரம் உன் ஆபீசில் சுற்றுகிற நாற்காலி ஒன்று பார்த்தேன். யார் கொடுத்தது? சின்ன வயதில் ராட்டினத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் என் கையை உதறிவிட்டு ஓடியவன் நீ. சுற்றுகிற எதைக் காட்டினாலும் உனக்குப் புத்தி நிற்காது. உன்னைத் தொலைத்துவிட்டேன் என்று அப்பா அடித்தது என்னைத்தான். அன்றைக்கு உன்னைத் தேடி அலைந்தேன், இன்றைக்கு என் பிள்ளையைத் தேடி அலைய வைக்காதே. நீ மட்டும் அந்தக் கோட்டுக்காரனுக்குக் கை தூக்கினால், உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன். தெருவில் நின்று உன் ராட்டினக் கதையை ஓட்டுப் போட்டவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் பூரண ஆசீர்வாதம். உனக்கு வியாழக்கிழமை கழித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் வீட்டுக்காரி போன் செய்தாள். கூட்டத்தை முன்னாலேயே இழுத்து நேற்றே நடத்திவிட்டார்களாமே. சமூகக்கூடத்திலேயே வைத்து, கோட்டுக்காரன் செலவில் எல்லோருக்கும் குளிர்பானமாமே. நீ எழுந்து, "மேல போய் வகுப்பை ஒருதரம் பார்த்துட்டு வந்து ஓட்டுப் போடலாம்"னு அத்தனை பேரையும் படியேற்றினாயாமே. தலைவர் பெஞ்சு வரைக்கும் வந்து உட்கார்ந்து பாக்கெட்டை எடுத்தாராம், அவரைப் பார்த்துப் பாதிப் பேர் எடுத்தார்களாம், கையும் களவுமாக அகப்பட்டவர்கள் பேசாமல் வகுப்பைக் கீழேயே நடத்தச் சொல்லிக் கை தூக்கினார்களாம். ஆகையால் மேலே எழுதியது எதுவும் உனக்கில்லை. ஆனாலும் கிழிக்க மனசு வரவில்லை, அடுத்த தப்புக்கு வைத்துக்கொள். அந்த யோசனை உன்னுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரிக்கு இன்னொரு ஆசீர்வாதம் சொல்லு.

பெரியவனிடம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் திறந்து பார்த்தேன். ஒன்றுகூடக் குறையாத புதுப் பாக்கெட். பழையது எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.