லில்லி மார்க் ஜாக்கெட்டும் நயினார் சட்டையும்

தூத்துக்குடிப் பொம்பளைகளை எல்லாம் ஒல்லியாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று நயினார் முடிவு கட்டினார். ஜவுளிக்கடைக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கக் கூடாது. அவர் முடிவு கட்டினால் கட்டினதுதான். அவிழ்க்கிறது வடிவம்மாள் வேலை. அது அவர் சம்சாரம்.

யுத்தம் முடிந்தும் துணிக்குக் கட்டுப்பாடு முடியாத வருஷம் அது. கையில் காசு இருந்தாலும் கெஜம் கிடைக்காது. அந்தச் சமயத்தில் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் துணிக்கடையை மூடிவிட்டுக் கப்பலேற, கடைக் கண்ணாடிக்குள் நின்ற ஆளுயரப் பொம்மை தோணியேறி நயினார் கடைக்கு வந்துவிட்டது. லில்லி என்று பேர் வைத்தார். ஜோடியாக ஒரு ஆம்பிளைப் பொம்மையும் கேட்டிருந்தார். அதை வேறு யாரோ முந்திக்கொண்டார்கள்.

லில்லிக்கு இடுப்பு பதினெட்டு அங்குலம். கடைத் தையல்காரன் சொரிமுத்து மூன்று தடவை அளந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இவ திங்க சோறு எங்கன போகும்?"

"அதுதாம்லே சூட்சுமம். இவ அளவுக்கு வெட்டினா, ஒரு ஜாக்கெட்டுத் துணியில ரெண்டு ஜாக்கெட்டு."

"போடுதது யாரு?"

"போடுதவ இளைச்சுக்கிடுவா."

இருந்த துணியை எல்லாம் வெட்டி அஞ்சு டஜன் தைத்தாயிற்று. ஒவ்வொன்றிலும் பொம்மை படம் போட்ட சீட்டு. வாசலில் பலகை: 'லில்லி மார்க் ஜாக்கெட். அணிந்தால் நீங்களும் லில்லி.'

பொம்பளைகள் வந்தார்கள். பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் போட்டே பார்த்தாள். "கைக்குச் சரியா இருக்கு அண்ணாச்சி. உடம்புக்கு என்ன போட?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்து நாளில் ஒன்றுகூட விற்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நயினாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் நின்று சபதம் போட்டார்.

"மாப்பிள்ளையூரணி அம்மன் கோயில் கொடைத் திருநாளுக்கு என் வீட்டுக்காரி லில்லி ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு வருவா. வரலேன்னா அஞ்சு டஜனையும் விளக்குத் திரியாக் கிழிச்சு கோயிலுக்குக் குடுத்திருதேன்."

வீட்டுக்கு வந்து வடிவம்மாளைப் பார்த்த பிறகுதான் அவள் இடுப்பு ஞாபகம் வந்தது. முப்பத்துநாலு. அதுவும் கஞ்சத்தனமாக அளந்தால்.

"ஏளா வடிவு, இன்னைலருந்து உனக்கு ஒருவேளைக் கஞ்சிதான்."

"ஏன், ரேஷன்ல அரிசியை நிறுத்திட்டானா?"

"லில்லியைப் பாத்தியா?"

"பாத்தேன். வாய்க்குள்ள பல்லு இல்ல, வயித்துக்குள்ள குடல் இல்ல. பாவம்."

"அவ இடுப்பைச் சொல்லுதேன்."

"நாலு பிள்ளை பெத்துட்டு வரச் சொல்லுங்க, பெறகு பாக்கேன்."

நயினார் சபதத்தைச் சொன்னார். வடிவம்மாள் முந்தியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி," என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் சரி என்றது அன்றைக்குத்தான். புத்தியுள்ளவன் பயந்திருப்பான். நயினார் சந்தோஷப்பட்டார்.

"கொடைக்கு இன்னும் நாப்பது நாளு கெடக்கு," என்றாள் அவள். "உங்க சட்டையெல்லாம் ஒரே அழுக்கு. கழத்திப் போடுங்க, தொவைச்சு வைக்கேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை நீலக்கோடு போட்ட சட்டை உடம்பை இறுக்கிப் பிடித்தது. அதற்கடுத்த வாரம் கட்டம் போட்ட சட்டையில் பொத்தான் தெறித்துக் கல்லாப்பெட்டியில் விழுந்தது.

"ஏளா, நான் ஊதுதேனோ?"

"ஊதத்தான செய்வீய. நான் கஞ்சி குடிச்சு இளைக்கேன்லா? இளைச்ச சதை எங்கன போகும்? வீட்டுக்குள்ளதான சுத்தும்."

நயினார் யோசித்தார். தப்பு என்று தெரிந்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. கடைக்குப் போய்ச் சொரிமுத்துவிடம் கேட்டார்.

"ஏலே, சட்டை சுருங்கிருக்கா பாரு."

சொரிமுத்து தூக்குச்சட்டியிலிருந்து மீன்குழம்புச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாக அவன் கன்னம் மினுங்கிற்று. "சட்டை பழைய சட்டைதான் அண்ணாச்சி. உள்ள இருக்க ஆளுதான்..." என்று மீதியைச் சோற்றோடு விழுங்கினான். தூக்குச்சட்டி நம் வீட்டுச் சட்டி மாதிரி இருக்கிறதே என்று நயினாருக்குத் தோன்றியது. எல்லாச் சட்டியும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அன்றோடு இட்லியை விட்டார். மறுவாரம் ராத்திரிச் சோற்றை விட்டார். காலையில் துறைமுகம் வரை நடை, சாயங்காலம் உப்பளம் வரை நடை. கன்னம் ஒட்டிற்று, கண் உள்ளே போயிற்று, சட்டை மட்டும் பூட்ட மாட்டேன் என்றது. உப்பு நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்தார். பதினெட்டு ராத்தல் குறைந்திருந்தது. தலை சுற்றியது. பசியிலா குழப்பத்திலா என்று சொல்வதற்கில்லை.

"தராசு குறைஞ்சிருக்குங்குது. சட்டை கூடிருக்குங்குது. எதை நம்ப?"

"தராசு ஊருக்கெல்லாம் பொது," என்றாள் வடிவம்மாள். "சட்டை உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்சது. எது சரியா இருக்கும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கொடை வந்தது. வடிவம்மாளும் வந்தாள், லில்லி ஜாக்கெட்டோடு. கொக்கி அத்தனையும் பூட்டியிருந்தது. மூச்சு விடுகிறாள், சிரிக்கிறாள், கையைத் தூக்கிக் குலவை போடுகிறாள். எதுவும் கிழியவில்லை. பொம்பளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் காதோடு காதாக என்னவோ சொன்னாள். மறுநாள் விடியும்போதே கடை வாசலில் கூட்டம். அஞ்சு டஜனும் மத்தியானத்துக்குள் போய்விட்டது. நயினார் இருந்த கொஞ்ச நெஞ்சையும் நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கொடியில் ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு பக்கம் அகலமாக நீலக்கோட்டுத் துணி ஒட்டு. மறுபக்கம் கட்டம்.

"ஏளா... இது என் சட்டைல்லா?"

"ஆமா. கட்டுப்பாட்டுக் காலத்துல நான் துணிக்கு எங்கன போவேன்? வாராவாரம் உங்க சட்டையில ரெண்டு விரல் அகலம் வெட்டிட்டுப் பிடிச்சுத் தைச்சேன். சேலை முந்தி மறைச்சிரும், வெளிய தெரியாது."

"அப்ப நீ இளைக்கவே இல்லியா?"

"ஒரு அங்குலம் கூடிட்டேன். நீங்க திங்காத சோறு வீணாப் போகலாமா? மிச்சம் சொரிமுத்துக்கு. சும்மா வாயை மூடுவானா அவன்?"

"அந்தப் பொம்பளைகள்ட்ட என்ன சொன்ன?"

"வீட்டுக்காரருக்கு எத்தனை சட்டை இருக்குன்னு கேட்டேன்."

நயினார் கோபப்படப் பார்த்தார். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"சரி, போகட்டும். ரெண்டு இட்லி வை."

"இட்லியா?" வடிவம்மாள் அவர் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தான் சட்டை அளவா உக்காந்திருக்கு. ஒரு இட்லி கூடினாலும் தையல் விட்டுரும். வேற துணி கெடையாதுல்லா. கட்டுப்பாடு முடியட்டும், பாப்போம்."

மறுநாள் நயினார் கடை வாசலில் லில்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார். கீழவைப்பாரிலிருந்து துணி எடுக்க வந்த ஒரு அம்மா அவர் சட்டைக் காலரை நிமிண்டிப் பார்த்தாள். மூச்சு விட்டால் பொத்தான் போய்விடும் என்று நயினார் அசையாமல் நின்றார்.

அவள் கூட வந்தவளிடம் சொன்னாள்: "பொம்பளைப் பொம்மையாவது பரவாயில்ல. இந்த ஆம்பிளைப் பொம்மையைப் பாரு. நெசத்துல எவன் இப்பிடி இருப்பான்?"