ஷால் பிள்ளையும் ஐந்து தகரங்களும்

கோலாலம்பூரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழர்களில் சட்டத்தை உண்மையாகக் காதலித்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் சம்பளத்தையும் பென்ஷனையும் பொதுவிடுமுறைகளையும் காதலித்தோம்.

அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஷால் பிள்ளை என்று சொன்னால்தான் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், யாரோ சால்வை போர்த்திய குளிர்தேசத்து மனிதர் வரப்போகிறார் என்று காத்திருப்பார்கள். வந்து நிற்பவரோ கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில் பிரிக்பீல்ட்ஸ் வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு வியர்த்து வழிகிற மனிதராக இருப்பார். அவருடைய ஷால், இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஷால். 'மே' என்று போட்டிருந்தால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். 'ஷால்' என்று போட்டிருந்தால் செய்தே தீரவேண்டும். மனித குலத்தின் சுகதுக்கமெல்லாம் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது என்பது அவர் கட்சி.

நானும் அதே ஆபீஸில் கிராணி. குமாஸ்தாவுக்கு அந்தக் காலத்து மலாயாவில் அதுதான் பெயர். எந்த இலாகா என்று கேட்காதீர்கள். சாலை போடுகிற ஒரு இலாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்ஸிலும் அவருக்கு அடுத்த வீடு எனக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஆகையால் அவர் வீட்டில் சட்டம் அமலாகும் விதத்தைத் தினமும் காலையில் காப்பியோடு சேர்த்துக் கேட்பேன்.

அவர் மனைவி பார்வதி அக்கா, சாயங்காலம் வரும்போது பாசார் சந்தையில் மீன் வாங்கி வரச் சொல்லுவார். உடனே பிள்ளை கேட்பார், "வாங்கலாம்ங்கிறியா, வாங்கியே ஆகணும்ங்கிறியா?"

"மீன் இல்லாம வந்தா சோறு இல்ல. அது எதுல சேத்தின்னு நீங்களே பாத்துக்கங்க."

அப்படியானால் அது ஷால்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு நல்ல வழக்கை முடித்த நீதிபதியின் திருப்தியோடு வாசலில் இறங்குவார்.

வீட்டோடு இருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். பெண்ணைப் பெற்றவர் நாலு பேருக்கு நடுவில், மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் போடலாம் என்றிருக்கிறோம் என்று பணிவாகச் சொன்னார். பிள்ளை எழுந்துவிட்டார். போடலாமா, போட்டே தீருவீர்களா, எது என்று சபையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். அதுவரை மோதிரத்தைப் பற்றி நினைக்காமல் மேளத்தை ரசித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. பேச்சு வளர்ந்து, தாலி கட்டுவதற்குள் முகூர்த்தம் தப்பிப்போகும் நிலைமையாகிவிட்டது. நான் இவரோடு வந்தவன் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று பந்தல் வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாப்பாட்டுக்குக்கூட வேறு பந்தியில் உட்கார்ந்தேன்.

இந்த மனிதருடைய கையில்தான் ஒரு புதுச் சட்டம் வந்து விழுந்தது.

ரப்பர் விலை விழுந்து, எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பாக இருந்த காலம். அதுவரை சர்க்கார் வேலையில் கீழ்மட்டத்து ஆளுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. துரை காலையில் "போ" என்றால் மாலைக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். ஏன் என்று கேட்க வாய் கிடையாது. புதிதாக வரவிருந்த சட்டம் அதை மாற்றியது. ஒருவனை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் அவன் மேலுள்ள குற்றத்தை அவனுக்குச் சொல்லவேண்டும், அவன் பதிலைக் கேட்கவேண்டும். இரண்டு இடத்திலும் 'ஷால்' என்று போட்டிருந்தது. பிள்ளை அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது அந்த இரண்டு இடத்தையும் மறுபடி ஒருமுறை வாசித்தார்.

சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்னால் எல்லாப் பிரிவுகளையும் தயார்ப்படுத்தவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் துரை அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்தார். வேறு யாராவதாக இருந்தால் ஒரு அறிக்கையை ஒட்டிவிட்டு வந்திருப்பார்கள். பிள்ளை ஒத்திகை நடத்தினார்.

ஒவ்வொரு பிரிவுக்கும் போய் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போடச் சொல்லுவார். ஒருவரைக் குற்றவாளியாகவும் ஒருவரை விசாரணை அதிகாரியாகவும் நிறுத்திப் பொய்க் குற்றம் ஒன்றைச் சாட்டி விசாரணை நடத்துவார். குற்றவாளியையும் "நீங்க" என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது அவர் விதி. அது சட்டத்தில் இல்லையே என்று நான் கேட்டேன். விட்டுப்போயிருக்கும் என்றார்.

ஆபீஸில் நடந்த முதல் ஒத்திகையில் பெரிய கிராணியைக் குற்றவாளியாக்கினார். பெரிய கிராணி என்றால் எங்கள் எல்லாருக்கும் தலைவர். காலையில் அவர் செருமினால் நாங்கள் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வோம். விசாரணை அதிகாரியாகப் பியூன் சின்னையாவை உட்காரவைத்தார். சின்னையா நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆளே மாறிப்போனார். பெரிய கிராணி சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது சொல்லவேண்டியது இருக்கிறதா என்று பெரிய கிராணியின் குரலிலேயே கேட்டு, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். ஆபீஸ் முழுவதும் சிரித்தது. பெரிய கிராணி சிரிக்கவில்லை. அன்றைக்கே பிள்ளையின் மேல் அவருக்கு ஒரு கறுவல் விழுந்துவிட்டது.

சாலைக் கூலிகளுக்கான ஒத்திகை சாமான் ஸ்டோருக்கு வெளியே நடந்தது. துரையும் வேடிக்கை பார்க்க வந்து, ஒரு ஓரமாகப் பெரிய கிராணியோடு நின்றார். தோட்டத்தில் வேலை பார்த்துத் தமிழ் கற்ற துரை அவர். பிள்ளை வழக்கம்போல, இது விளையாட்டு, இங்கே பேசுவது இங்கேயே முடிந்துபோகும், யாரும் பயப்படவேண்டாம் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தார். பிறகு ஸ்டோர் காவலாளி முனியாண்டியை முன்னால் வரச் சொன்னார்.

என்ன குற்றம் சாட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஸ்டோரின் கூரை கண்ணில் பட்டது.

"சர்க்கார் தகரம் மூணு எடுத்துக்கிட்டுப் போயி உங்க வீட்டுக் கூரைக்குப் போட்டீங்கன்னு உங்கமேல குத்தம். நீங்க என்ன சொல்றீங்க?"

முனியாண்டி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மூணு இல்லைங்கய்யா. அஞ்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முனியாண்டி இப்படி நடிப்பார் என்று யாருக்குத் தெரியும்? நானும் கைதட்டினேன்.

"அடுப்புக்கு மேலயே ஒழுகுச்சுங்க. உலையில மழைத்தண்ணி விழும். கேட்டாத் தரமாட்டாங்கன்னு நானே எடுத்துட்டேன்" என்றார். கைதட்டல் இன்னும் பலத்தது. யாரோ சீட்டியடித்தார்கள். பிள்ளை மட்டும் முனியாண்டியின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மேஜை விளிம்பை விடாமல் பிடித்திருந்தது. ஒத்திகை முடிந்தது என்று சொல்லி அவசரமாக மேஜையை எடுக்கச் சொன்னார். அப்போதுதான் ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினோம். ஒரு மனிதன் உள்ளதைச் சொல்லி நின்றதற்குச் சீட்டியடித்துவிட்டோம் என்று புரிந்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

மறுநாள் காலையில் துரை பிள்ளையைக் கூப்பிட்டார். முனியாண்டி சொன்னது நிஜம் என்று பெரிய கிராணி துரையின் காதில் ஓதியிருந்தார். என் மேஜை துரையின் அறைக் கதவை ஒட்டி இருந்ததால் உள்ளே நடந்த பேச்சு எனக்குக் கேட்டது. புதுச் சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை, அந்த ஆளை இன்றைக்கே அனுப்பிவிடலாம் அல்லவா என்று துரை கேட்டார். ஆமாம், அனுப்பலாம் என்று பிள்ளை ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படிச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தது நான்தான், ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று காட்டுவதற்காக, என்றார். அஞ்சு என்று திருத்தியதுமா என்று துரை கேட்டார். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்றார் பிள்ளை.

வெளியே வந்தபோது அவர் கோட்டு நனைந்திருந்தது. என்னைத் தாண்டிப்போனார், பார்க்கவில்லை.

துரை அதற்குமேல் கிளறவில்லை. முனியாண்டியின் வேலை தப்பியது. பிள்ளைதான் எங்கேயோ தொலைந்துபோனார். ஆபீஸுக்குப் பெரிய ரோட்டில் வராமல் ரயில் குவார்ட்டர்ஸின் பின்சந்து வழியாக வந்தார். ஒத்திகைகளை ஒப்புக்கு நடத்தினார். ஒருநாள் பார்வதி அக்கா பலகைச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மீன் வாங்கிட்டு வாங்கன்னா வாங்கிட்டு வந்துடறாரு தம்பி. ஒரு கேள்வி கேக்கறதில்ல. எனக்குப் பயமா இருக்கு."

நான் போய்ப் பேசிப் பார்த்தேன். ஒரு ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றிய பொய்தானே என்றேன்.

"விசாரணையில உள்ளதைச் சொல்லுங்கன்னு ஊரெல்லாம் போயிச் சொன்னேன். ஒருத்தன் சொன்னான். அவன் சொன்னது பொய்யின்னு நான் சொல்லிட்டேன். எந்த மூஞ்சியோட அடுத்த பிரிவுக்குப் போவேன்?"

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த மாதம் முடிந்து சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த வாரமே ஒரு பகலில், கூலிகளின் லைன் வீடுகளிலிருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்து நின்று பார்க்க, முனியாண்டியும் அவர் மனைவியும் தலையில் தகரங்களைச் சுமந்துகொண்டு ஆபீஸுக்கு வந்தார்கள். தகரத்தில் அடுப்புப் புகை கரியாகப் படிந்திருந்தது. வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு முனியாண்டி பிள்ளையைத் தேடினார்.

"நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறதை என்னால பாக்க முடியலைங்கய்யா. அதான் பிரிச்சுக் கொண்டாந்துட்டேன்."

பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அந்த மனிதர் வந்தார். பின்னாலேயே துரை நின்றார். துரைக்குப் பக்கத்தில் பெரிய கிராணி. தகரங்களைப் பார்த்துவிட்டுத் துரை பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கைகட்டி நின்றார். முனியாண்டியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கப்படாமல் அங்கே நின்றவர் ஒருவரும் இல்லை.

புதுச் சட்டப்படி எங்கள் இலாகாவில் நடந்த முதல் விசாரணை முனியாண்டியுடையது. ஒத்திகையில் சொன்னதையே மறுபடி சொன்னார், தடுமாறவில்லை. எடுத்ததைத் தானாகவே கொண்டுவந்து போட்டவர், கூரை ஒழுகுவதும் நிஜம் என்பதால், துரை எச்சரித்து வேலையில் வைத்துக்கொண்டார். பழைய நாளாக இருந்தால் அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே வெளியே போயிருப்பார். பிள்ளை சொன்ன பொய் அவருக்குச் சட்டம் வருகிறவரை நாள் வாங்கிக் கொடுத்திருந்தது.

இரண்டாவது விசாரணை பிள்ளையுடையது. மேலதிகாரியிடம் பொய் சொன்ன குற்றம். துரை நடுவில் உட்கார, விசாரித்தவர் பெரிய கிராணி. பிள்ளையின் சார்பில் கூட ஒருவர் உட்காரலாம் என்பதால் நான் உட்கார்ந்தேன். பெரிய கிராணி எடுத்த எடுப்பில், "ஏன் பொய் சொன்னே?" என்றார்.

"முதல்ல குத்தத்தை வாசிக்கணும் சார்" என்றார் பிள்ளை.

பெரிய கிராணி வாசித்தார். ஒரு வரியை விட்டுவிட்டார். பிள்ளை அதையும் எடுத்துக்கொடுத்தார். தனக்குப் பதில் சொல்ல அவகாசம் வேண்டுமா என்று கேட்கவேண்டும் என்றார். பெரிய கிராணி கேட்டார். வேண்டாம் என்றார் பிள்ளை. பிறகு, "நீ" என்று சொல்லக்கூடாது என்று மெதுவாக நினைவுபடுத்தினார். துரை வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று பெரிய கிராணி கேட்டார். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"குத்தம் உண்மை. பொய் சொன்னேன். அதுக்கு வெக்கப்படறேன். ஆனா மறுபடியும் அதே நாள் வந்தா அதையேதான் சொல்லுவேன்னு தோணுது. அதையும் சேத்து எழுதிக்கங்க."

பெரிய கிராணி எழுதினார். தலையை நிமிர்த்த அவருக்கு நேரமாயிற்று.

பதவியைக் குறைத்துப் பிள்ளையைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். ஆற்றங்கரை ஓரத்தில் ஒரு சின்ன கிடங்கில் வேலை. வழியனுப்ப ஆள் வரக்கூடாது என்று முதல் ரயிலிலேயே பெட்டிகளோடு போய்விட்டார். அதன்பிறகு பிரிக்பீல்ட்ஸுக்கு அவர் வரவே இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் பார்வதி அக்காவை மட்டும் அனுப்பிவைப்பார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். முதலில், எதற்கு வீணாக அலைகிறீர் என்று கடிந்துகொள்வார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பெரும்பாலும் ஆற்றில் தொங்கான் என்கிற சரக்குப் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின் அவர்களையும் கூட்டிப்போனேன். எங்களுக்குள் சொந்தபந்தம் ஒன்றும் கிடையாது. ஊர்கூட வேறு வேறு. ஆனால் என் பிள்ளைகளுக்கு அவரைக் கிள்ளான் பெரியப்பா என்றே சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.