அன்புள்ள பிரியாணி மாஸ்டர் அவர்களே

கவலைப்படுகிறவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. அது சொன்ன வேலையைச் செய்யும். அதோடு நம் கவலையையும் சேர்த்துச் செய்து வைக்கும்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருவேற்காட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே, வீடியோ பார்த்து வெப்சைட் செய்யக் கற்றிருந்தேன். என் தங்கை ஜெயசீலிக்கும் அயனம்பாக்கம் அந்தோணிக்கும் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன்காரன் படிக்காதவன் என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்துவிடுவார்களோ என்று (யாரும் நினைக்கவில்லை, நானேதான் நினைத்துக்கொண்டேன்) ஆன்லைன் பத்திரிகை ஒன்று தயாரித்தேன்.

வெப்சைட் முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி; அதன் பின்னால் விருந்தாளியின் பெயர். ஆளுக்கொரு வால். லிங்க்கைத் தொட்டால், சர்வரில் நான் எழுதிய நிரல் அந்த வாலிலிருந்து பெயரை உருவி, 'அன்புள்ள இன்னார் அவர்களே, குடும்பத்துடன் வருக' என்று காட்டும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வால் இல்லாமல் யாராவது வந்தால்? 'அன்புள்ள அவர்களே' என்று மொட்டையாக நிற்குமே! மானம் போகுமே! ஒரு வரி சேர்த்தேன்: பெயர் இல்லையென்றால், கடைசியாக வந்தவரின் பெயரைப் போடு. முதலில் என் பெயரோடும், பிறகு வாலை வெட்டியும் திறந்து பார்த்தேன். இரண்டு முறையும் 'அன்புள்ள பீட்டர் அவர்களே'. அருமை! (அதுவரை வந்தவன் நான் ஒருவன்தான் என்பது உறைக்கவில்லை.)

அச்சடித்த பத்திரிகையின் அடியில் வால் இல்லாத முகவரியைப் போட்டிருந்தோம். மாப்பிள்ளையின் அத்தை ரோசாரி அதைப் பார்த்துத் தன் போனில் அடித்தார். தாயில்லாத அந்தோணியை வளர்த்தவர். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்காது.

எனக்குப் போன் வந்தது.

"இன்னாபா பீட்டரு, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வந்து பிரியாணி கிண்டணுமா?"

"அத்தை?"

"'அன்புள்ள பிரியாணி மாஸ்டர் காதர் பாய் அவர்களே'ன்னு போட்டுகீற! நான் வரல. நான் வரலன்னா அந்தோணியும் வரமாட்டான்."

எங்கள் சமையலுக்குப் பேசியிருந்த பூந்தமல்லி காதர் பாய், சரியாக அத்தைக்கு முன்னால் தன் லிங்க்கைத் தொட்டிருக்கிறார்.

அயனம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ போய்ச் சேர்வதற்குள், கல்யாணம் நின்று, ஜெயசீலி மடத்தில் சேர்ந்து, நான் ஏரியில் குதித்து, அங்கேயும் தண்ணீர் போதாமல் முட்டி பெயர்ந்து, எல்லாவற்றையும் நினைத்து முடித்திருந்தேன்.

"கடைசியா யார் பாத்தாங்களோ அவங்க பேரு வந்துடுது அத்தை. உங்கள ஒண்ணும் சொல்லல. இப்ப பாருங்களேன்" என்று அவர் போனில் மறுபடி திறந்து காட்டினேன்.

'அன்புள்ள வானகரம் சேவியர் அவர்களே.'

அத்தை நிமிர்ந்தார். "சேவியரா? காலைலகூட 'எனக்குப் பத்திரிகையே வர்ல'ன்னு சண்ட போட்டான். இப்ப ஊட்ல குந்திகினு பாக்கறானா?"

"ஆமா அத்தை. இத இப்பவே சரி பண்ணிடறேன்."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் திறந்தார். 'அன்புள்ள லூர்துமேரி அவர்களே.' "பாத்தியா, இவ போனு ரிப்பேருன்னா!"

கல்யாணம் வரை அந்த வரியை நான் தொடவில்லை. கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றவர் ரோசாரி அத்தைதான். "எனக்குச் சொல்லவே இல்லையே" என்று இழுத்தவர்களிடம், பார்த்த நேரம் வரைக்கும் சொன்னார். ஒரு தலை குறையவில்லை. காதர் பாய் மட்டும்தான் திண்டாடினார், பிரியாணி பற்றாமல்.

இன்றும் அந்த வீட்டுக்கு யார் போனாலும், முன்னால் வந்துபோனவர் பெயரைச் சொல்லித்தான் அத்தை கூப்பிடுவார். போன ஞாயிறு எனக்கு, "வாபா தண்ணி கேனு, எங்க கேனக் காணோம்?" நான் கிளம்பும்போது எதிரே எங்கள் கோயில் பங்குத்தந்தை வந்தார். அத்தையைத் தடுக்கத் திரும்பி ஓடினேன்.

"வாடா பீட்டரு, காபி குடிக்கிறியா?" என்றார் அத்தை.

"சக்கரை கம்மியா அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் பங்குத்தந்தை.