மாசு மறுவற்ற டொலர்

சாமியறையில் இருந்த நூறு டொலர்த் தாள்கள் அத்தனையிலும், அமெரிக்கப் பெரியவரின் நெற்றியில் மஞ்சள் பொட்டு.

விக்னராஜாவின் முகம் இருண்டதைப் பார்த்திருந்தால் அவுஸ்திரேலியாவின் பிளாக்டவுன் தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரிந்திருக்கும்.

"என்னப்பா செய்தனீர்?"

"தூர தேசம் போற காசெல்லே. பிள்ளையாருக்கு முன்னால வைச்சுப் பொட்டு வைச்சனான்" என்றாள் மனைவி சத்தியபாமா.

மறுநாள் விடிய மொஸ்கோவுக்குப் பிளேன். அங்கே அவரோடு படித்தவர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் கூடுகிறார்கள்; அடுத்த முறைக்கு யார் இருப்பார்களோ. சண்டை நடக்கும் நாட்டுக்கு வேண்டாம் என்று மகளும் மருத்துவரும் தடுத்தார்கள். "போட்டு வாங்கோ" என்றவள் சத்தியபாமா ஒருத்திதான்.

ரூபிளில் அவர் கரைகண்டவர். ஐயாயிரம் சிவப்பு, ஆயிரம் பச்சை, ஐந்நூறு ஊதா. கண்ணைக் கட்டிவிட்டாலும் நிறம் சொல்வார். ஆனால் நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. டொலர் கொடுத்துத்தான் ரூபிள் வாங்கவேண்டும். அதில் ஒரு புள்ளி இருந்தாலும் அங்கத்தைய வங்கி தொடாது என்று ஹரிஸ் பார்க் காசு மாற்றும் கடை லக்சிகா படித்துப் படித்துச் சொல்லி, புத்தம் புதுத் தாள்களாகக் கொடுத்திருந்தாள்.

ஈரத்துணியால் துடைத்தார். பொட்டுப் பரவி, பெரியவருக்கு முற்றிய மஞ்சள் காமாலை.

"சவர்க்காரம் போடுங்கோ. எங்கட அவுஸ்திரேலியக் காசு வாஷிங் மெஷினுக்குள்ள போயும் புதுசாத்தானே வந்தது" என்றாள் சத்தியபாமா கவலையோடு.

அது பிளாஸ்டிக், இது காகிதம் என்ற ஞானம் பிந்தித்தான் வந்தது. சவர்க்காரம் பட்ட மஞ்சள் இரத்தச் சிவப்பாகியது. பெரியவரை யாரோ கோடரியால் கொத்தியதுபோல் இருந்தது.

காய்ந்தால் மங்கிவிடும் என்று அவளே அயர்ன் பண்ணிக் கொடுத்தாள். மங்கவில்லை, ஓரங்கள் அப்பளமாகக் கருகின.

கொட்டும் மழையில் ஹரிஸ் பார்க்குக்கு ஓடினார். லக்சிகா, செத்த எலியைத் தூக்குவதுபோல ஒரு தாளை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தாள். மாற்றித்தர அவளிடம் வேறு டொலர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மற்றக் கடைகள் எல்லாம் பூட்டு.

விக்னராஜா கதிரையில் சரிந்தார்.

"இனி என்னோட படிச்சவங்களை எங்க பிள்ளை காணப்போறன்? என்னை விடு. பாமாதான் பாவம், தன்னால வந்ததெண்டு அழுதுகொண்டிருக்கிறா."

லக்சிகா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பகிடியெண்டு நினைச்சனான், அங்கிள். போன கிழமை அன்ரி வந்து, டொலரை அங்கத்தைய வங்கி எடுக்காமப் பண்ண மஞ்சள் மட்டும் போதுமோ, சவர்க்காரமும் போடவேணுமோ எண்டு கேட்டவ."