பெரியய்யாவின் தொப்பி

"எறங்கு தாயி... உன்னைக் கும்பிட்டுக்கறேன், எறங்கு!"

கமலக்கண்ணன் ஒரு கோழியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

கோழி அசையவில்லை. பங்களா ஸ்டோர் ரூமில், உரச் சாக்குகளுக்குப் பின்னால், ஒரு தொப்பிக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு அவனை ஒற்றைக் கண்ணால் முறைத்தது. கையை நீட்டினான். கொத்தியது.

மணி ஏழு. பத்தரைக்கு முதலாளியம்மா வருகிறார். அந்தத் தொப்பியைப் பார்க்கத்தான் வருகிறார்.

வாழவந்திக்கு மேலே இருக்கும் அந்தக் காப்பி எஸ்டேட்டில் கமலக்கண்ணன் இரண்டு வருடமாகக் கணக்கெழுதும் ரைட்டர். எஸ்டேட்டை உண்டாக்கிய பெரியய்யாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி இருந்ததாம். முதல் பழம் பறிக்கும் அன்று அதைக் கழற்றி முனியப்பன் கல்லுக்கு முன்னால் ஏந்துவாராம். மூத்த ஆள் ஒருத்தர் முதல் கைப்பிடிப் பழத்தை அதில் போட்ட பிறகுதான் பறிப்பு தொடங்குமாம். பெரியய்யாவோடு நின்றுபோன அந்த வழக்கத்தை, இருபது வருடம் கழித்து, சென்னையிலிருக்கும் பேத்தி சங்கீதா இன்று மறுபடி தொடங்குகிறார்.

தொப்பியைப் பாதுகாக்கச் சொல்லி அவர்தான் தபாலில் ஒரு பிரஷ் அனுப்பியிருந்தார். குதிரை முடி பிரஷ். மாதாமாதம் ஒண்ணாம் தேதி போன் வரும்.

"பிரஷ் போட்டீங்களா?"

"போட்டேங்கம்மா."

இந்தப் பதிலை இருபத்து நான்கு முறை சொல்லியிருக்கிறான். பிரஷ் எங்கே என்றே அவனுக்குத் தெரியாது. ஆபீஸ் டிராயரில் போட்டது என்றோ காணாமல் போய்விட்டது. தொப்பியையும் அவன் பார்த்ததில்லை. ஆபீஸ் சுவரில் பூஞ்சை பிடித்துத் தொங்கும் போட்டோவில் பெரியய்யா தலையில் பாதித் தொப்பி தெரியும். அவ்வளவுதான் பழக்கம்.

போன மாதம் மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது சங்கீதா சொன்ன வார்த்தை வேறு காதிலேயே இருந்தது. "தாத்தா தொப்பியையே இப்படிப் பாத்துக்கறவர், எஸ்டேட்டைப் பாத்துக்க மாட்டாரா? நேர்ல வந்து சொல்றேன்."

ஆகவே இன்று விடிந்ததும் பங்களா முழுக்கத் தேடினான். படுக்கையறை அலமாரி மேல் உருண்டையாக ஒரு தோல் பெட்டி மட்டும் இருந்தது. யாருடைய தவிலோ என்று விட்டுவிட்டான். கடைசியில் ஸ்டோர் ரூமில், பழுப்புக் கம்பளி, கறுப்புப் பட்டி, பெரியய்யாவின் தொப்பி! உள்ளே கோழி.

ஒரு வழியாகக் கோழியைத் தூக்கிக் கீழே விட்டான். அடியில் ஒன்பது முட்டை. அவற்றைத் தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டுக்கு மாற்றிவிட்டு, தொப்பியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பின்னாலேயே கோழியும் ஓடி வந்தது.

"ஏனுங்க, இது என்னங்க சோத்துச் சட்டியாட்ட இருக்குது?" என்றாள் மனைவி பானு.

"பெரியய்யா தொப்பி, புள்ள. எந்தச் சனியன் புடிச்ச கோழியோ உக்காந்து அமுக்கி வெச்சிருக்குது."

பானு தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேனேஜர் ஊட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தைச்சாச்சுங்க! வெந்நிக்கு சுச்சுப் போட்டா வருமுன்னு எங்கம்மாகிட்ட வேற சொல்லீட்டேன். இந்தக் குளுருல இன்னொரு வருசம் வெறகு ஊத என்னால ஆவாது."

"அதுக்கோசரந்தான் ஓடியாந்தேன். ஏதாச்சும் வழி சொல்லு."

பானு போனில் தேடினாள். கம்பளித் தொப்பி நசுங்கினால் ஆவி காட்ட வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் காட்டினார். ஆவிக்கு வீட்டில் இருந்தது இட்லிப் பானைதான். ஈரத் துணியால் துடைத்துத் தொப்பியைத் தட்டில் கவிழ்த்து மூடினார்கள்.

பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் தொப்பி நன்றாக வெந்திருந்தது. எடுத்தால் இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு என்று ஆப்பம் மாதிரி தொங்கியது.

"இப்ப மண்டை மாதிரி கட்டையில மாட்டோணுமாமுங்க" என்றாள் பானு வீடியோவைப் பார்த்து.

"மண்டை மாதிரி கட்டைக்கு எங்க போறது?"

பானு அவன் தலையை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். பிறகு மனதை மாற்றிக்கொண்டு அடுக்களை மூலையிலிருந்து ஒரு மஞ்சள் பூசணியை, அவர்கள் ஊர் அரசாணிக்காயை, உருட்டி வந்தாள்.

தொப்பி காயின் மேல் அழகாக உட்கார்ந்தது. அடுப்போரம் வைத்துக் காய வைத்தார்கள். அரை மணியில் பெரியய்யாவே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு கம்பீரம். கமலக்கண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பிறகு கழற்றினார்கள். கழலவில்லை.

அவன் தொப்பியை இழுக்க, அவள் காயை இழுக்க, கோழி இருவரையும் சுற்றிச் சுற்றி ஓடியது. கடைசியில் பானு கத்தியையும் கரண்டியையும் எடுத்து, தொப்பிக்குள்ளிருந்தே அரசாணிக்காயைத் தோண்டித் தோண்டி எடுத்தாள்.

"சாம்பாருக்கு ஆச்சு" என்றாள்.

தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தான். உலகம் இருண்டது. தொப்பி மீசைக்குக் கீழே வந்து நின்றது.

"பானு... நான் தெரியறனா?"

"குரலு மட்டும் கேக்குதுங்க."

அந்த நேரத்தில் ஜீப் டிரைவர் பெரியசாமி வாசலில் வந்து நின்றார். தலை இல்லாத ரைட்டரைக் கண்டு இரண்டடி பின்வாங்கினார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்குப் போயி கலங்குறீங்களா? என்ற கம்பளி ஸ்வெட்டரை எம்பொண்டாட்டி கொதிக்கிற தண்ணியில போட்டா. இப்ப அத எம்பேரன் போட்டுட்டுத் திரியறான். தொப்பிய முக்கி எடுங்க, சுருங்கீரும்" என்றார்.

நல்ல யோசனை. முக்கி எடுத்தார்கள். சுருங்கியது. நன்றாகவே சுருங்கியது. தலையில் வைத்தால் டம்ளரில் மூடி போட்ட மாதிரி உச்சியில் நின்றது.

போன் அடித்தது. சங்கீதா.

"குப்பனூர் தாண்டிட்டோம். தொப்பி ரெடியா இருக்கா?"

"ரெ... ரெடிங்கம்மா. வெளிய எடுத்துக் காத்தாட வெச்சிருக்கறேன்."

போனை வைத்ததும் பெரியசாமி, "கொஞ்சம் விரிச்சாப் போதுமுங்க" என்று ஜீப்புக்கு ஓடி ஜாக்கியைக் கொண்டு வந்தார்.

"பெரியசாமிண்ணா, இது தொப்பிங்க!"

"ரெண்டு டன்னு ஜீப்பையே தூக்குது. தொப்பிய விரிக்காதுங்களா?"

ஜாக்கியைத் தொப்பிக்குள் படுக்க வைத்துத் திருப்பினார்கள். கம்பளி விரிந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. கமலக்கண்ணன் தலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டது.

"போதுமுங்கண்ணா."

"இன்னொரு அரைச் சுத்து..."

டர்ர்ர் என்றது.

கோழி கொக்கரித்தது. பெரியசாமி ஜாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "ஜீப்புல டயரு பாக்கோணும்" என்று நழுவினார்.

பானு ஊசியை எடுத்தாள். காப்பிச் சாக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கிழிசலுக்கு உள்ளே வைத்துத் தைத்தாள். தையல் தெரியாமலிருக்க, மகள் ஹரிணியின் பள்ளிக்கூட ரிப்பனைப் பட்டியாகச் சுற்றினாள். ரிப்பன் சிவப்பு. அதற்கு ஷூ பாலிஷ் போட்டார்கள்.

"அய்யோ! நாளைக்கு எனக்கு ரிப்பன்?" என்றாள் ஹரிணி.

"மேனேஜர் மகளுக்கு எதுக்கு சாமி ரிப்பன்? கிளிப்பே வாங்கித் தர்றேன்" என்றான் கமலக்கண்ணன்.

தொப்பி இப்போது ஒரு மாதிரி தொப்பியாகத்தான் இருந்தது. ஆனால் விளிம்பு துவண்டு தொங்கியது. விறைப்பு வர, பானு ராகிக் கஞ்சியைத் தடவி வேலி மேல் வைத்தாள். அப்போதுதான் மஞ்சு விலகி வெயிலும் வந்தது. "பாத்தீங்களா, முனியப்பனே கண்ணத் தொறந்துட்டான்" என்று உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வந்து பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது.

விளிம்பில் பிறை நிலா அளவுக்கு ஒரு வாய் காணவில்லை.

"இந்தப் பக்கமும் அதே மாதிரி வெட்டீட்டா சமமாயிரும் புள்ள" என்று கமலக்கண்ணன் கத்தரிக்கோலை எடுத்தான்.

"அதத் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்!"

கத்தரிக்கோல் கீழே இறங்கியது. கீழே சாலையில் கார் ஹாரன் கேட்டது. பானு தொப்பியின் மேல் அரை டப்பா பவுடரைக் கொட்டித் தட்டினாள். கோழி, வெந்த கம்பளி, அரசாணிக்காய், ராகி, ஷூ பாலிஷ், ஆட்டு எச்சில் எல்லாவற்றுக்கும் மேலே மல்லிகை வாசம் அடித்தது.

முனியப்பன் கல்லுக்கு முன்னால் பறிப்புக்காரர்கள் அறுபது பேர் இடுப்பில் கூடையோடு நின்றார்கள். சங்கீதா காரை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "தொப்பி எங்கே?"

கமலக்கண்ணன் தாம்பாளத்தை நீட்டினான். மேலே மூடியிருந்த துண்டை எடுத்தான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். 'அம்மா, என்னை மன்னிச்சுருங்க' என்று மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டான்.

சங்கீதா தொப்பியை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஆடு கடித்த இடத்தில் விரல் நின்றது.

"அம்மா..." என்று தொடங்கினான் கமலக்கண்ணன்.

"சிறுத்தை!" என்றார் சங்கீதா.

"ஏனுங்கம்மா?"

"தாத்தா கரடியூர் பக்கம் போனப்போ சிறுத்தை பாஞ்சதாம். அவர் குனிஞ்சுட்டாராம், தொப்பியை மட்டும் கவ்விச்சாம். அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா? நான் நம்பினதே இல்ல." அவர் கண் கலங்கியது. "பல்லுத் தடம்கூட அப்படியே இருக்கு, பாருங்க!"

கமலக்கண்ணன் பார்த்தான். இருந்தது.

"நொம்பப் பெரிய சிறுத்தைங்கம்மா" என்றான்.

சங்கீதா தொப்பியை முகத்தில் வைத்து ஆழமாக மூச்சு இழுத்தார். பானு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"காடு... மண்ணு... மிருகம்... தாத்தா வாசனை! சின்ன வயசுல மடியில உக்காந்திருக்கேன். எனக்கு ஞாபகமிருக்கு." தும்மினார். "மாசாமாசம் நீங்க பிரஷ் போட்டிருக்காட்டி இது இவ்வளவு நாள் நிலைச்சிருக்குமா?"

"தவறாமப் போட்டேங்கம்மா" என்றான் கமலக்கண்ணன். இருபத்தைந்தாவது முறை என்பதால் குரல் நடுங்கவில்லை.

சங்கீதா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அறுபது பேரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்துச் சங்கீதா உரக்கச் சொன்னார்: "இன்னையிலேருந்து கமலக்கண்ணன்தான் நம்ம மேனேஜர்!"

பானு கணவனின் விலாவில் இடித்து, "சுச்சுப் போட்டா வெந்நி" என்று முணுமுணுத்தாள்.

அப்போது பார்த்து அந்தக் கோழி கூட்டத்துக்குள் புகுந்து வந்து சங்கீதாவின் காலைச் சுற்றியது. பிறகு தொப்பியை அண்ணாந்து பார்த்துப் பரிதாபமாகக் கொக்கரித்தது.

"முனியப்பன் கோழிக்கே தொப்பி அடையாளம் தெரியுதுங்கம்மா" என்றான் புது மேனேஜர். பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சங்கீதா தொப்பியைக் கழற்றி, கல்லுக்கு முன்னால் பயபக்தியோடு ஏந்தினார். "மூத்தவங்க யாரு? வாங்கம்மா."

வீராயி முன்னே வந்தாள். பெரியய்யா காலத்திலேயே முதல் பழம் போட்டவள். வெள்ளிக்கிழமைதோறும் பங்களாவைக் கூட்டித் துடைப்பவளும் அவள்தான். மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கை நிறையச் சிவப்புப் பழத்தை அள்ளிக்கொண்டு தொப்பிக்கு மேலே நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. தொப்பிக்குள் எட்டிப் பார்த்தாள். காலடியில் கொக்கரித்த கோழியைப் பார்த்தாள். கமலக்கண்ணனைப் பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, பெரியய்யா தொப்பி அலமாரி மேல தோல் பொட்டிக்குள்ள, உங்க டிராயர்ல கெடந்த பிரஷ்ஷால நான் வாரா வாரம் தொடைச்சு வெச்சபடியே இருக்குதே, அத உட்டுப்போட்டு, பங்களாவுல படம் புடிக்க வந்த சினிமாக்காரங்க வீசீட்டுப் போன தொப்பியில நான் கோழி அடவெச்சிருந்தா, அத எதுக்குங்க எடுத்து அம்மிணி தலையில கவுத்தீங்க?"