மச்சினன் குரலில் நாற்பத்து மூன்று

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பாடக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை மாலை நான் சட்டம் போட்டேன். சட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது அமலுக்கு வராது. எங்கள் வீட்டு அரசியல் அப்படி.

பாடுகிற ஆள் வீட்டில் இல்லை. அவன் என் மச்சினன், வேறு ஊரில் பல் டாக்டர். நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது பாடிப் பாடிப் பழகியவன். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. அதை அவன் ரசனை என்று எடுத்துக்கொண்டான். பல் டாக்டர்தானே, பல்லவியோடு நிறுத்திக்கொள்வான் என்று ஆரம்பத்தில் நானும் நம்பினேன். அவன் முதல் சரணம், இரண்டாம் சரணம் என்று போய்க்கொண்டே இருந்தான்.

வாரம் ஒரு பாட்டைப் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்புவான். அக்கா, அதாவது என் மனைவி, அதைக் கம்ப்யூட்டரில் 'தம்பி' என்று ஒரு ஃபோல்டர் திறந்து சேர்த்து வைப்பாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஹாலில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஓடவிடுவாள். இதுவரை நாற்பத்து மூன்று பாட்டு. நான் தண்ணீர் பம்ப் கம்பெனியில் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவன். 'தண்ணி வரலை, சத்தம் மட்டும் வருது' என்று வாரத்தில் ஆறு நாள் ஊரே என் காதில்தான் கத்தும். ஏழாவது நாளும் சத்தம் மட்டும் வந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

அழிக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. அவள் காய்கறி வாங்கப் போன இருபது நிமிஷத்தில் நாற்பத்து மூன்றையும் தூக்கி 'பழைய பம்ப் வாரண்டி' என்ற ஃபோல்டருக்குள் போட்டேன். என் ஆபீஸ் சமாசாரத்தை அவள் தொடவே மாட்டாள். பாட்டுப் பட்டியலில் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஆனால் எல்லாம் சாம்பல் நிறம், பக்கத்தில் ஆளுக்கொரு ஆச்சரியக்குறி. தொட்டால் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று வந்தது. எனக்கு அதுவே பாட்டாக இருந்தது.

மறுநாள் எட்டரை வரை தூங்கினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் காபி குடித்துப் பல வருஷமாகிறது.

"என்னங்க, தம்பி பாட்டு எதுவும் ஓட மாட்டேங்குது."

"அப்படியா?" என்றேன். இந்த 'அப்படியா'வைக் குளியலறைக் கண்ணாடி முன் மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"பேரு இருக்கு. பாட்டு இல்ல."

"நான் பாக்கறேன். நீ போய் உக்காரு."

என் மனைவி ஆறாம் வகுப்பு டீச்சர். போய் உட்கார் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

நானும் சளைக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, துடைத்து, திரும்பச் சொருகினேன். மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். அவசரத்தில் அவளுடைய போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, திட்டு வாங்கி, அதையும் திரும்ப மாட்டினேன். ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் ஊதினேன். ஆறு தும்மல் வந்தது. அதில் நான்குதான் நிஜம்.

"மத்த பாட்டெல்லாம் வருதே. அப்புறம் ஒயரை ஏன் துடைக்கறீங்க?"

"அது டெக்னிக்கல். சொன்னாப் புரியாது."

"பேரைப் போட்டு கம்ப்யூட்டர் முழுக்கத் தேடச் சொன்னா என்ன?"

மவுஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "ஐயோ, அதைத் தொடாதே. இந்த நிலைமைல தேடினா இருக்கறதும் போயிடும்."

"ஓ," என்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

பத்தரை மணிக்குத் தீர்ப்பு சொன்னேன். பம்ப் எரிந்துபோன வாடிக்கையாளர்களுக்கென்றே நான் ஒரு குரல் வைத்திருக்கிறேன். அதை எடுத்தேன். "மனசைத் தேத்திக்கோம்மா. டிஸ்க்ல அந்த இடம் மட்டும் தேஞ்சு போச்சு."

"நாப்பத்து மூணுமா?"

"நாப்பத்து மூணும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நான் கெட்டவன் இல்லை. தூக்கம் கெட்டவன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆமாண்டா தம்பி... எல்லாமே போச்சாம்... அத்தான் பாவம், காலைலேருந்து தரையில படுத்துத் தேடறார்... நிஜமாவா சொல்ற? பத்து நாளா?"

என் காதுகள் இரண்டும் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டன.

வெளியே வந்தவள் முகத்தில் வாட்டமே இல்லை. "பத்து நாள் கிளினிக்கை மூடிட்டு வரானாம். எல்லாத்தையும் இங்கயே உக்காந்து திரும்பப் பாடித் தரானாம். பதிவு பண்ண சத்தமில்லாத ரூம் வேணுமாம். நம்ம படுக்கையறை சரியா இருக்கும். விடியக்காலம் நாலு மணிக்குத்தான் அவன் தொண்டை நல்லா இருக்குமாம்."

"இரு இரு. கடைசியா ஒண்ணு முயற்சி பண்ணிப் பாத்துடறேன்."

நான்கே நிமிஷம். சாம்பல் நிறம் போனது, ஆச்சரியக்குறிகள் போயின, மச்சினன் இரண்டு ஸ்பீக்கரிலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அட, கிடைச்சிடுச்சே. எங்க இருந்துச்சு?"

"பழைய பம்ப் வாரண்டில."

"அங்க எப்படிப் போச்சு?"

"சில சமயம் சூட்டுல ஃபைல் தானா நகரும்."

"நாப்பத்து மூணும் சேர்ந்தா?"

"குடும்பமா நகரும்."

மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் என் போனை எடுத்து மச்சினனுக்கு எழுதினேன். 'பாட்டெல்லாம் பத்திரமாகக் கிடைத்துவிட்டது. உன் குரல் கேட்காமல் இன்று வீடே வெறிச்சென்று இருந்தது. உன் அக்காவைவிட நான்தான் தவித்துப்போனேன். இதற்காக நீ சிரமப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம்.' கொஞ்சம் குழைவு அதிகம்தான். வருகிறவனைத் தடுக்கும்போது வார்த்தையில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

"யாருக்கு அனுப்பறீங்க?"

"உன் தம்பிக்குத்தான். வர வேண்டாம்னு."

"அவன் எங்க வரான்?"

"நீதானே இப்ப போன்ல..."

அவள் மேஜையைக் காட்டினாள். என் முழங்கைக்குப் பக்கத்தில், நானே மாட்டிய சார்ஜரில், அவளுடைய போன் காலையிலிருந்து படுத்திருந்தது.

"அப்ப உள்ள யார்கிட்ட பேசின?"

"குக்கர்கிட்ட." அவள் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டாள். "என் கிளாஸ்ல ஒரு பேனா காணோம்னா நான் யார் பையையும் திறக்க மாட்டேன். பெஞ்சுக்கு அடியில எவன் ரொம்ப மும்முரமாத் தேடறான்னு மட்டும் பாப்பேன்."

நான் முட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினேன். அதற்குள் என் போன் கிணுகிணுத்தது. மச்சினன் எழுதவில்லை, பேசியே அனுப்பியிருந்தான். அவள் என் கையிலிருந்து வாங்கி அழுத்தினாள்.

"அத்தான், படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இத்தனை நாளா அக்கா மட்டும்தான் கேக்கறாங்கன்னு நினைச்சேன். இவ்வளவு ஆசையை மனசுல வச்சுக்கிட்டு வர வேண்டாம்னு சொன்னா நான் விட்டுடுவேனா? நாளைக்கே கிளம்பறேன். ரெண்டு வாரம் கிளினிக் லீவு."

என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் என்னால் கோபமாக இருக்க முடியாது. நானும் சிரித்தேன், ஸ்பீக்கரில் மச்சினன் இரண்டாம் சரணத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

"சரி, எழுந்திருங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படுக்கையறையை அவனுக்கு விட்டுட்டு, உங்க படுக்கையை ஸ்பீக்கர் பக்கத்துலயே போட்டுடலாம்."